ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த செக்போஸ்ட்

இமயத்தின் உச்சியில் காவல் நிற்கும் பட்டாளம், காரைக்காலில் ஜெயமேரி பார்க்கும் காவலை ஒருமுறை பார்த்தால், துப்பாக்கிகளைச் சுவரில் சாத்திவிட்டு வந்து அவரிடம் பாடம் கேட்கும். கமாலுதீன் பாயின் கருவாடு ஏற்றுமதிக் கம்பெனியில் போன்களுக்கெல்லாம் பொறுப்பு ஜெயமேரிதான்; அவர் சம்மதமில்லாமல் உள்ளே ஒரு ‘ஹலோ’கூட நுழைய முடியாது.

அந்த வருடம், அதாவது 2008-இல், கம்பெனி இன்டர்நெட் போனுக்கு மாறியது. வெளியிலிருந்து வரும் அழைப்பை விசாரித்து உள்ளே விடவும், உள்ளே இருக்கும் போன்களின் விலாசம் வெளியாருக்குத் தெரியாமல் மறைக்கவும் வாசலில் ஒரு பெட்டி. பெயர் செஷன் பார்டர் கன்ட்ரோலர். அதை முழுதாகச் சொல்வதற்குள் அழைத்தவர் வைத்துவிடுவார். ஆகவே ஊர் எல்லையில் சாராய பாட்டில் தேடிப் பையைக் கிண்டும் போலீஸை நினைத்து, ஆபீஸே அதைச் செக்போஸ்ட் என்றது.

ஜெயமேரி ஒன்றுக்கு இரண்டாக வாங்க வைத்து, அண்ணன், தம்பி என்று பெயரும் வைத்தார். அண்ணன் அழைப்புகளைக் கவனிக்கும். தம்பி பக்கத்திலிருந்து “இருக்கியா, இருக்கியா” என்று ஓயாமல் கேட்டபடி இருக்கும். பதில் வராவிட்டால், பேச்சு அறுபடாமல் தம்பி பொறுப்பேற்க வேண்டும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரச் சோதனையில் பொறுப்பேற்கவும் செய்தது. ஆனால் பாய் பேசியது எதிராளிக்குக் கேட்டது, எதிராளி பேசியது பாய்க்குக் கேட்கவில்லை. பாய் தன்னந்தனியாக நெடுநேரம் விலை பேசி, தானே இறங்கி வந்து, தானே ஒத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவை இப்புடி ஆச்சுன்னா மெட்ராஸ் கம்பெனிக்காரன் வந்து பாத்துக்குவான். நீங்க பேக்கிங்ல போயி கருவாடு அடுக்குங்க” என்று ஜெயமேரியிடம் சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டு ஜெயமேரியைவிட அதிகமாகக் கலங்கியது ஸ்விட்ச்போர்டில் இருந்த பாரதிப்ரியா. பத்தாவதோடு புத்தகத்தை மூடிய அந்த மண்டபத்தூர்ப் பெண்ணை, சிரிக்காமல் பொய் சொல்வாள் என்ற ஒரே தகுதிக்காக ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார வைத்தவர் ஜெயமேரிதான். கலங்கியதை மட்டும் அவள் யாரிடமும் காட்டவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கணக்கர் சுந்தரமூர்த்தி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

“எல்லா மெஷினும் நிக்கணும்ங்க. இன்னைக்கு ஓடுனா சரஸ்வதிக்கு ஆகாது.”

“போன் நின்னா எனக்கு ஆகாது” என்றார் பாய்.

“ரெண்டு பேருக்கும் ஆகும்ங்க” என்றார் ஜெயமேரி. “அண்ணன் பூஜையில உக்காரட்டும், தம்பி வேலையப் பாக்கட்டும். அப்பறம் மாத்திக்குவோம். போன வாரக் கோளாறச் சரி பண்ணிட்டேன். நீங்க பேசிக்கிட்டிருக்கப்பவே அண்ணன நிறுத்துறேன், பாருங்க.”

“கட்டாச்சுன்னா?”

“பேக்கிங்குக்குப் போயிடுறேன்.”

புதுச்சேரி வியாபாரி பஞ்சநாதனுக்கு லைன் போடச் சொன்னார் பாய். பஞ்சநாதனுக்கு வருடம் முழுக்க ஜலதோஷம். பாரதிப்ரியாவுக்கு அந்தக் குரல் அத்துப்படி. “லைன் குடுத்துட்டேன் பாய், பொரி எடுத்தாறேன்” என்று நழுவி, ஸ்டோர் ரூம் போனை எடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“பாயி, நெத்திலி என்ன வெல?”

ஜெயமேரி அண்ணனின் ஒயரைப் பிடுங்கினார். பஞ்சநாதன் தும்மினார், இருமினார், விலையைக் குறைக்கச் சொன்னார். பாய் பூரித்தார்.

ஜெயமேரி பூரிக்கவில்லை. ஒயரைத் திரும்பச் செருகினார். “பாய், இது கணக்குல சேராது. வெளி லைன்னா பெட்டியில பச்ச வெளக்கு எரியும். எரியவே இல்ல. இது நம்ம கட்டடத்துக்குள்ள வர்ற கால். வீட்டுக்குள்ள பேசிக்கிறவங்கள செக்போஸ்ட் எதுக்கு நிறுத்தும்?”

“அப்ப தும்முனது யாரு?”

“யாரோ, லைன் மாறி விழுந்துட்டாங்க போல. வைங்க, நானே போடுறேன்.”

ஸ்டோர் ரூம் கதவிடுக்கில் பாரதிப்ரியாவின் ஒற்றைக் கண் மட்டும் தெரிந்தது. ஜெயித்த ஆட்டத்தை யாராவது கலைப்பார்களா? ஜெயமேரி எண்களை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. அசல் பஞ்சநாதன் வந்தார், வரும்போதே “ஹா...” என்று இழுத்தார். அந்தக் கணத்தில் ஜெயமேரி ஒயரைப் பிடுங்கினார்.

பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

“...ச்சூ” என்றது ஸ்பீக்கர். “மன்னிச்சுக்குங்க பாய். சொல்லுங்க, கேக்குதா?”

அண்ணன் வழியாகக் கிளம்பிய தும்மல் தம்பி வழியாக வந்து முடிந்திருந்தது. பாய் கேட்கிறது, கேட்கிறது என்று காரணமில்லாமல் திரும்பத் திரும்பச் சொன்னார். மெட்ராஸ்காரன் வரவேண்டியதில்லை என்றும் சொன்னார். சுந்தரமூர்த்தி ஓய்விலிருந்த அண்ணனுக்கு நிம்மதியாகச் சந்தனம் தடவத் தொடங்கினார்.

ஜெயமேரி ஸ்டோர் ரூமுக்குள் வந்து கதவைச் சாத்தினார். “பஞ்சநாதன் நெத்திலியே வாங்க மாட்டாரு தெரியுமா? எதுக்குடி இந்த வேல?”

“சும்மா, ஒரு குறும்புதான்க்கா.”

“குறும்புக்குக் கண்ணு ஏன் செவந்திருக்கு?”

“சாம்பிராணிப் பொகதான்க்கா. பூஜையில போடுறாங்கள்ல.”

ஜெயமேரி கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். “சாம்பிராணிய இன்னும் கொளுத்தவே இல்லடி.”