பக்கத்துக் காம்பராக்காரி தைத்த பாதி

தேயிலை விலை விழுந்த முப்பதுகளில் எங்கள் தோட்டத்தில் புதுக் கம்பளி தரவில்லை. இலங்கை மலைநாட்டுத் திம்புள்ளப் பனிக்கு நைந்த கம்பளி தாங்குமா? அதை நடுவில் வைத்து, மேலும் கீழும் பழைய சேலையை விரித்துப் போர்வையாகத் தைத்துக்கொள்வோம். ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரத்தில் தொடங்கி நடுவில் வந்து சேருவோம். அடுத்தவள் தையலை எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை. பக்கத்துக் காம்பராக்காரியோடு, முதலில் அவளுக்கு, பிறகு எனக்கு என்று பேச்சு.

அவள் போர்வையில் என் பாதியை, ஊசியைப் பின்னுக்கு வாங்கி வாங்கிக் கெட்டித் தையலாகப் போட்டேன். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிரியக்கூடாதென்று அடிப்பக்கம் சாணுக்கொரு முடிச்சு. ஊசி குத்திப் புண்ணான விரலோடுதான் கொழுந்தெடுத்தேன்.

என் போர்வையை முதல்முறை ஆற்றில் அலசியதுமே அவள் தைத்த பாதி பிரிந்து, உள்ளே கம்பளி சுருண்டு மூலைக்குப் போய்விட்டது. எல்லாம் வெறும் நூலோட்டம். ஒரு முடிச்சுகூட இல்லை.

"எனக்கு இம்புட்டுத்தான் தைக்கத் தெரியும் மதினி" என்று கண்கலங்கினாள். நானும் நம்பித் தொலைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் போர்வை வாசலில் காய்ந்தது. புரட்டிப் பார்த்தேன். அதில் அவள் தைத்த பாதியிலும் கெட்டித் தையல்தான். முடிச்சுகள் என்னுடையதைவிட நெருக்கம்.

என் தையலையாவது பிரித்துவிடுவோம் என்று ஆத்திரத்தோடு ஊசியைக் கொடுத்து நெம்பினேன். நுனி நுழைய இடமில்லை. மடச்சி, அவ்வளவு கெட்டியாகத் தைத்திருந்தேன்.