பட்டர் ஃப்ரூட் விற்ற காலம்

பழக்கடைக்காரனுக்கு வெயில்கூடப் பெரிய தொல்லை இல்லை. கைபேசியில் எதையாவது படித்துவிட்டு வந்து நிற்கும் வாடிக்கையாளர்தான் தொல்லை. கல்லாவில் உட்கார்ந்து பொறுமையைத் தொலைத்த என் இனத்தாருக்கு இது புரியும். ஆனாலும் தெலுங்கு நாட்டில், மாரெட்பள்ளியில் கடை வைத்திருந்த நாள்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஏக்கமும் வருகிறது.

கூட்டு

பட்டர் ஃப்ரூட்டை, அதுதான் அவகாடோவை, கடையில் முதலில் இறக்கியபோது அது என்னவென்றே பலருக்குத் தெரியாது. இதில் இருப்பது நல்ல கொழுப்பு, இதயத்துக்கு நல்லது என்று நான் அளந்ததை நம்பிப் பின்தெருத் திருநெல்வேலி அம்மா இரண்டு வாங்கிப் போனார். தொட்டால் காய் மாதிரிதானே இருக்கிறது என்று பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுக் கூட்டு வைத்துவிட்டார். அடுப்பில் வெந்தால் அது கசக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. மறுநாள் கிண்ணத்தோடு வந்தவர், என்னை ஒரு வாய் சாப்பிட வைத்துவிட்டுச் சொன்னார்: "பாவக்கா வாங்கியிருந்தா கசப்புக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்."

லூட்டீன்

பிறகு காலம் மாறியது. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், நான் தமிழில் பேசினால் தெலுங்கில் பதில் சொல்பவள், லூட்டீன் என்ற சத்து கண்ணுக்கு நல்லதாமே, அது பழத்தில் எந்த இடத்தில் அதிகம் என்று கேட்டாள். தோலை ஒட்டிய கரும்பச்சைச் சதையில் என்று நானும் எங்கோ படித்திருந்தேன். ஸ்பூனால் நடுவை மட்டும் தோண்டாதே, தோலைக் கையால் உரி என்று செய்துகாட்டினேன். உடனே ஒலீயிக் அமிலம், பொட்டாசியம், நார்ச்சத்து என்று கேள்விகள் நீண்டன. அவளுக்குப் பின்னால் கூட்டமும் நீண்டது. தராசருகே நின்ற கடைப்பையன் யாதகிரி, என்னிடம் கற்ற தமிழிலேயே என்னைக் கேட்டான்: "அன்னா, இது பழக்கடையா, மெடிக்கல் ஷாப்பா?"

கொட்டை

சுந்தரம் சார் காஞ்சன்பாக் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் ஊரின் மறுகோடியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். பழம் வாங்குவார், அரசியலில் என்னோடு சண்டை போடுவார், போவார். திடீரென்று, கடையில் ஜூஸுக்கு அரிந்த பட்டர் ஃப்ரூட்டின் கொட்டைகளையும் கேட்டு வாங்க ஆரம்பித்தார். செடி வளர்க்கிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் கடை வாசலில் தலை சுற்றித் தராசைப் பிடித்துக்கொண்டார். உட்கார வைத்து விசாரித்தால், கொட்டையில் பாலிஃபீனால் என்ற சத்து நிறைய, ரத்த அழுத்தம் குறையும் என்று படித்து, காயவைத்துப் பொடித்து மோரில் குடிக்கிறாராம். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாராம். எனக்குப் பயமாகிவிட்டது. பழம் உணவு, அதைச் சாப்பிடுங்கள். கொட்டையை எவ்வளவு தின்னலாம் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாத்திரையை விடாதீர்கள், இன்றே டாக்டரைப் பாருங்கள் என்றேன். இனிமேல் கொட்டை தரமாட்டேன் என்றும் சொன்னேன். முகம் சிவந்து, ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். மறுநாள் மகன் வந்து ஸ்கூட்டரை எடுத்துப் போனான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அதன்பின் சில சனிக்கிழமைகள் அவர் வரவில்லை. ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பில் வியாபாரமே ஓடவில்லை. ஒருநாள் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து வந்து இறங்கினார். மாத்திரை அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டுச் சொன்னார்: "சர்வீஸ் முழுக்க டெஸ்ட் பண்ணாத ஒரு ஸ்க்ரூவைக்கூட வெளிய விட்டதில்லைய்யா, இந்தக் கொட்டையை மட்டும் என் வயித்துக்குள்ள விட்டுட்டேன்."

இப்போது கடையை விட்டுவிட்டு ஹப்சிகுடாவில் என் மகளோடு இருக்கிறேன்; கைபேசியில் கேட்டால் வாசலுக்கே பழம் வந்துவிடுகிறது, எல்லாச் சத்தும் அதில் இருக்கிறதாம், வாங்கும்போது சண்டை போட ஓர் ஆள்தான் இல்லை.