கால் ஸ்பூன் பிசின்

என் மகளுக்குக் கோதுமை ஆகாது என்று அவளுடைய ஏழாவது வயதில்தான் தெரிந்தது. ஆகாது என்றால் தும்மல், தடிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் இல்லை. கோதுமை மாவைப் பிசைந்தால் இழுத்துக்கொண்டு வருமே ஒரு பசை, குளூட்டன், அது உள்ளே போனால் அவள் குடல் புண்ணாகிவிடும். மருந்து கிடையாது, சாப்பிடாமல் இருப்பதுதான் வழி. இந்த மூன்று வருடத்தில் இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று நினைத்தாலே வாய் வலிக்கிறது. "சப்பாத்தி வேணாம்னு சொன்னீங்களேன்னு பாப்பாவுக்கு ரவா உப்புமா கிண்டிட்டேன் சார்" என்பார்கள், ஆசையாக. நம் ஊரில் கோதுமை என்றால் சப்பாத்தி. ரவை தனி, மைதா தனி. இரண்டும் கோதுமைதான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அவர்களைச் சொல்லி என்ன, எனக்கே டாக்டர் சொல்லித்தான் உறைத்தது.

இட்லி, தோசை, சோறு என்று மேற்கு மாம்பலத்தில் ஒரு குழந்தை காலத்தை ஓட்டிவிடலாம். கேக்தான் எங்களைப் படுத்தியது. ஒன்பதாவது பிறந்த நாளுக்குத் தோழிகளுக்காகக் கடையில் கேக் வாங்கினோம். அவளே வெட்டினாள், அவளே ஒவ்வொருத்தி வாயிலும் ஊட்டினாள். பிறகு சோப்பு போட்டுக் கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து, ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அடுத்த பிறந்த நாளுக்கு எல்லாரும் தின்கிற கேக்கையே இவளும் தின்ன வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மனைவிக்கு அடையாறில் ஆஸ்பத்திரி வேலை, ஞாயிறும் உண்டு. ஆறு நாள் ஆபீஸில் மாரடித்துவிட்டு ஏழாவது நாள் காலை நான் சமையலறையில் நின்றேன். முதல் கேக் பாக்கெட் அரிசி மாவில். வாயில் போட்டால் மெரினா மணல்தான். இன்னும் நைசாக வேண்டும் என்று அரிசியை மாவு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மில்லில் வரிசையில் நிற்கிற எல்லாரும் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன்: "முன்னாடி என்ன அரைச்சீங்க?"

"கோதுமைதான் சார். உங்களுது பச்சரிசிதானே? நல்லா தட்டி விட்டுடறேன், கலக்காது" என்றார் மில்லுக்கார அம்மா.

பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். எனக்கும் கால் கடுத்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். பாவி, ஆட்டியிருக்கவே கூடாது. மகள் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அப்போது என்னை நானே திட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு எல்லாம் வீட்டில்தான். புது மிக்ஸி ஜார் வாங்கி, அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அரைத்து, துணியில் சலித்தேன். கொஞ்சம் தினை மாவு, கொஞ்சம் ஜவ்வரிசி மாவு சேர்த்தேன்.

நறநறப்பு குறைந்தது. ஆனால் கேக் நிற்கவில்லை. ஓவனுக்குள் அழகாக எழும்பும், வெளியே எடுத்ததும் நடுவில் பொசுக்கென்று இறங்கிவிடும். என் மகளுக்கு விஷமான அதே இழுவைதானாம் கேக்கைத் தூக்கிப் பிடிப்பது. அதற்குப் பதிலாகத் தாவரப் பிசின் சேர்க்கலாம் என்று எங்கோ படித்தேன். பிசின்தானே, நமக்குத் தெரியாததா என்று மயிலாப்பூர்க் குளத்தருகே நாட்டு மருந்துக் கடையில் போய்க் கேட்டேன். பாதாம் பிசின் கொடுத்தார்கள். முந்தின நாளே ஊறப்போட்டேன், கிண்ணம் நிறையப் பொங்கியிருந்தது. அப்படியே மாவில் கொட்டினேன். வெந்த கேக்கை வெட்டினால் உள்ளே கட்டிகட்டியாக ஏதோ நடுங்குகிறது. மகள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்கு உயிர் இருக்கா?" என்றாள். சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். "இன்னா சார் நீங்க! அது வெயிலுக்குக் குளிர்ச்சியா குடிக்கிறது. அதைப் போய் யாராவது கேக்குல போடுவாங்களா? கொத்தவரங்கா விதையில எடுக்கற பொடி ஒண்ணு கீது. குவார் கம்முனு தி.நகர்ல கேக் சாமான் விக்கறவங்க கைல கேளுங்க."

கொத்தவரங்காய்! வாழ்நாள் முழுக்க நான் இலையில் ஒதுக்கி வைத்த காய். வாங்கி வந்து ஒரு ஸ்பூன் போட்டேன், கேக் செருப்பு ரப்பரானது. அடுத்த ஞாயிறு அரை ஸ்பூன், வாயில் வழவழத்தது. மகள் ஒவ்வொன்றையும் ஒரு கடி கடித்து, முகத்தைச் சுளிக்காமல் விழுங்கி, "பரவால்லப்பா" என்பாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும், என் மேல்.

பத்தாவது பிறந்த நாள் புதன்கிழமை வந்தது. லீவு போட்டேன். அவள் பள்ளிக்கூடம் போனதும் மாவு, முட்டை, வெண்ணெய், கால் ஸ்பூன் பிசின் எல்லாம் கலந்து வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் உட்காரலாம் என்று நாற்காலியில் சாய்ந்தவன் அசந்து தூங்கிப்போனேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பதறி எழுந்தால் மாவு ஈரத்தைக் குடித்துக் கெட்டியாக இருந்தது. தொலைந்தது போ என்று பேக்கிங் பவுடரைக் கலந்து ஓவனில் வைத்தேன். கேக் எழும்பியது, இறங்கவே இல்லை. ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டேன். பஞ்சு. மாவை ஊறவிடாததுதான் இத்தனை நாள் தப்பு. ஒரு வருடம் கெட்ட தூக்கத்தை அந்த முக்கால் மணி நேரம் சரிக்கட்டிவிட்டது.

சாயங்காலம் தோழிகள் வந்தார்கள். மகள் வெட்டி எல்லாருக்கும் ஊட்டினாள். "ஐயோ, சூப்பரா இருக்கு! எந்தக் கடை அங்கிள்?" என்றாள் ஒருத்தி. எனக்கு நெஞ்சு பொங்கியது. "அங்கிள் கடை" என்றேன். அவள் ஒரு துண்டை எடுத்து என் மகளுக்கு ஊட்டப் போனாள். மகள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"இது உனக்குத்தான்டா கண்ணு. அப்பா பண்ணது" என்று அந்தத் துண்டை வாங்கி நானே நீட்டினேன்.

அவள் என் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். "நிஜமா சொல்லுப்பா. கடையில வாங்கினதுதானே?"

"சத்தியமா இல்லடா."

"பொய் சொல்லாதப்பா. எல்லாரும் நல்லா இருக்குங்கறாங்க. நல்லா இருந்தா அது எனக்கு ஆகாதுப்பா."

கழுவாமல் கிடந்த பாத்திரத்தைக் காட்டினேன், குவார் கம் டப்பாவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். கடைசியில் என் கையிலிருந்த துண்டில் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்து விழுங்கினாள். பிறகு ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, வலி வருகிறதா என்று காத்திருந்தாள்.