பட்டப்பகலில் மூடிய கூரை

புருலாயிடம் வாதாடி ஜெயித்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. கோடையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நாங்கள் கோக்-சாய் மேய்ச்சல்வெளிக்கு ஏறும்போது, அவளும் ஒரு கம்பளிக் கூடாரத்தைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு கூடவே வந்துவிடுவாள். அதுதான் எங்கள் பாலர் பள்ளி. அவள் டீச்சர், நான் சமையல்காரி. கஞ்சி காய்ச்சுவது, போர்சோக் என்கிற மாவு உருண்டை பொரிப்பது, பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவது எல்லாம் சைக்கால் என்கிற என் தலையில்தான்.

அவளும் ஆட்டுக்காரன் மகள்தான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பென்சிலை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் விழித்தவளை மக்கு என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்களாம். அந்த எரிச்சல் இன்றைக்கும் ஆறவில்லை. மலையில் வளர்கிற எந்தப் பிள்ளையும் இனி அந்த பெஞ்சில் போய் உட்காரக் கூடாது என்பாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கே பயமாக இருக்கும்.

அவள் சொத்து ஒரு செல்போன், சூரிய வெளிச்சத்தில் சார்ஜ் ஏறும் ஒரு தகடு, சுவரில் படம் காட்டும் சின்னப் பெட்டி ஒன்று. மற்றதெல்லாம் கம்பளம் தைத்து மிச்சமான கம்பளித் துண்டுகள். பிள்ளைகள் அதில் ஆடு, குதிரை, நாய் என்று வெட்டுவார்கள். தரையில் வைத்து ஒரு போட்டோ, காலைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ, மறுபடி கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று. எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால் கம்பளி ஆடு நடக்கும்! கதையும் பிள்ளைகளுடையது, குரலும் பிள்ளைகளுடையது. ஓர் ஆட்டை நடக்க வைப்பதற்குள் எண்ணிக்கை, நிறம், முன்பின் எல்லாம் அவர்களுக்குத் தானாக வந்துவிடும். முதலில் நானும் வேலை கெட்ட வேலை என்றுதான் முணுமுணுத்தேன்.

ஆட்டுக்காரன் குபாத்தின் மகள் ஜிபெக் விஷயம்தான் பெரிய விஷயம். ஆட்டுக்குட்டியிடம் மணிக்கணக்கில் பேசுவாள், ஆளைக் கண்டால் வாயே திறக்க மாட்டாள். கீழே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பேசாத பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குபாத் அவளை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவான். கெட்டவன் இல்லை, தொண்டைதான் பெரிசு.

"வாத்தியார் முன்னாடி நின்னு அழறதுக்கு, இவ என்கூட ஆடு மேய்க்கட்டும் டீச்சர்" என்றான்.

"இந்த ஒரு கோடை மட்டும் எங்கிட்ட விடுங்கண்ணே. பேசலேன்னா நானே கொண்டாந்து விட்டுடறேன்" என்றாள் புருலாய்.

விட்டான். ஜிபெக் பாதிக் கோடை வரை கம்பளி ஆடுகளை நகர்த்தினாளே தவிர மூச்சுவிடவில்லை. ஒருநாள் புருலாய் செல்போனை அவள் கையில் கொடுத்து, மெத்தை அடுக்குக்குப் பின்னால் போய்த் தனியாகக் கதை சொல்லிவிட்டு வா என்று அனுப்பினாள். வெகுநேரம் கழித்து வந்தாள். பதிவைக் கேட்டுவிட்டு புருலாய் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படத்தையும் குரலையும் சேர்த்து ஒரு மெமரி கார்டில் ஏற்றி, பெட்டிக்குள் செருகிவைத்தாள்.

படம் காட்ட இருட்டு வேண்டும். மாலையானால் பிள்ளைகள் அவரவர் கூடாரத்துக்குப் போய்விடுவார்கள், பெரியவர்கள் பால் கறக்க உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் நல்ல வெயில் நேரத்தில் கூரை நடுவே இருக்கும் வட்டத் துளையைக் கம்பளியால் மூடிவிட்டோம். எங்கள் இரண்டு கழுதைகளுக்கும் புத்தி எங்கே போயிற்றோ! எங்கள் மலையில் மழையில்லாத பகலில் கூரை மூடியிருந்தால் உள்ளே சாவு என்றல்லவா அர்த்தம்?

படம் ஆரம்பித்ததும் குதிரைக் குளம்புச் சத்தம். சாவு வீட்டுக்கு வருகிற மாதிரியே ஆண்கள் சரிவு முழுக்க ஓலமிட்டுக்கொண்டு பாய்ந்து வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் குபாத். "என் செல்லமே, என் குலக்கொழுந்தே" என்று அலறியபடி உள்ளே விழுந்தான். சுவரில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் கம்பளி ஆடு துள்ளிக்கொண்டிருந்தது. மகள் போர்சோக் தின்றுகொண்டிருந்தாள்.

பின்னால் வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குபாத் முகம் சுண்டிவிட்டது. மகளை இழுத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் கிடந்த செல்போன் அவன் பூட்ஸ் காலில் நொறுங்கியது. உயிரோடு இருக்கும் பிள்ளைகளுக்கு ஒப்பாரி வைத்தது அபசகுனம் என்று மற்றவர்களும் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டார்கள். கஞ்சி அடுப்பிலேயே ஆறியது. ஜிபெக்கின் குரல் வரும் இடத்துக்குப் படம் இன்னும் வரவே இல்லை.

நான் திட்டித் தீர்த்துவிட்டு மூட்டை கட்டலாம் என்றேன். புருலாயோ தன் கல்யாணத்துக்கு அவள் அம்மா தைத்துக் கொடுத்த கம்பளத்தை விரித்து, கத்தரிக்கோலை எடுத்தாள்.

"பாவி, அதையாடி வெட்டற?" என்று கத்தினேன்.

"குபாத் அண்ணன் நம்மள உள்ள விடமாட்டாருக்கா. வாசல்ல நின்னே காட்டணும். அதுக்கு இருட்ட நாமதான் கொண்டு போகணும்."

ஒரு தலை நுழைகிற அளவுக்குச் சின்னக் கூண்டாகத் தைத்தாள். ஒரு முனையில் வெள்ளைத் துணி, மறுமுனையில் பெட்டி. அதைக் குதிரையில் கட்டிக்கொண்டு குபாத் வாசலுக்குப் போனோம். அவன் ஆட்டுக்குக் குளம்பு சீவிக்கொண்டிருந்தான், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்தச் சாக்குக்குள்ள நான் தலைய விடணுமா? அன்னிக்கு ஊரே சிரிச்சது பத்தலையா?"

"சிரிக்கட்டும்ணே. பாத்துட்டு வேணாம்னா, நான் நாளைக்கே கூடாரத்தப் பிரிச்சுட்டு இறங்கிடறேன்."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். என்ன ஆனாலும் அவள் மலையை விட்டு இறங்கமாட்டாள் என்று நினைத்திருந்தவள் நான். அவன் மனைவி பால் வாளியை வைத்துவிட்டு வந்து, யாரையும் கேட்காமல் தலையை உள்ளே விட்டாள். சற்று நேரத்தில் அவள் தோள் குலுங்கியது. வெளியே வந்தவள் புருஷனைப் பார்த்து, "போய்க் கேளு" என்றாள். அந்த வீட்டில் அவள் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை.

குபாத் குல்லாவைக் கழற்றிவிட்டு மண்டியிட்டான். கூண்டுக்குள்ளிருந்து குரல் எங்களுக்கும் கேட்டது. வழி தவறிய கறுப்புக் குட்டியின் கதை. தேடி வந்த அப்பா ஆடு, "எங்கடி போன, ஊமைக்கோட்டானே" என்று கத்தியது, குபாத்தின் குரலை அச்சு அசலாக உரித்து வைத்தாற்போல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து குட்டி மெதுவாகச் சொன்னது:

"எனக்கு வழி தெரியும்ப்பா. நீ கத்துவேன்னுதான் சொல்லல."

படம் முடிந்தது. அவன் தலையை வெளியே எடுக்கவில்லை. கூடார வாசலில் ஜிபெக் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ போடு" என்றான் உள்ளே இருந்தபடியே. அவனால் அவ்வளவு மெல்லப் பேச முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை கஞ்சி வைக்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது குபாத் வந்தான், முன்னால் ஜிபெக். அவர்களைப் பார்த்துவிட்டு மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வெயில் ஏறியதும் குபாத்தே கயிற்றை இழுத்துக் கூரையை மூடினான். பிறகு குதிரையில் ஏறிச் சரிவில் போய் நின்றுகொண்டான். தூரத்திலிருந்து யாராவது பதறிக்கொண்டு வந்தால், அந்தப் பெரிய தொண்டையால் மலை அதிரக் கத்தினான்.

"யாரும் சாகல, திரும்பிப் போங்க. உள்ள என் பொண்ணு பேசிக்கிட்டிருக்கா."