தகரச் சத்தம்

பக்கத்து வயலுக்குத் தெளித்த பன்றிச் சாணத்தின் மணம் காருக்குள் வந்ததுமே விரல்கள் பந்தைப் பிடிப்பதுபோல் மடங்கிக்கொண்டன. ரண்டர்ஸ் நகருக்கு வெளியே, அப்பா வேலை செய்த பன்றிப் பண்ணை இருந்த நிலத்தில் இப்போது கிரிக்கெட் மைதானம். டென்மார்க் பெண்கள் அணிக்குப் பந்து வீசிய என் பெயரை அதற்கு வைக்கும் விழா இன்று.

அங்கேதான், தொழுவத்தின் தகரச் சுவரில் தொங்கிய வைக்கோல் சாக்கைக் குறிவைத்து, பள்ளி விட்டு வந்த பின்னேரங்களெல்லாம் பந்து எறிந்துகொண்டிருப்பேன். சாக்கில் பட்டால் மெத்தென்று ஒரு சத்தம், தவறினால் தகரம் அதிரும், உள்ளே ஈன்ற பன்றிகள் மிரண்டு தங்கள் குட்டிகளையே நசுக்கிவிடும், முதலாளி வந்துவிடுவார் என்று ஒவ்வொரு பந்துக்கும் பயப்படுவேன். வாளியோடு நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் அப்பா, "தவற விட்டிடாதை பிள்ளை, என்ரை வேலை போயிடும்" என்பார். எறியாதே என்று மட்டும் சொன்னதில்லை.

இந்தக் குறி எப்படி வந்தது என்று மேடையில் கேட்டார்கள். பண்ணைக் காற்று என்றேன்.

முதல் பந்தை நான்தான் போட்டேன். பந்து விக்கெட்டைத் தாண்டிப் போய் விளம்பரத் தகரத்தில் மோதியது. சனம் சிரித்துக் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த அப்பா மட்டும் சட்டென்று எழுந்து, தொழுவம் இருந்த பக்கம் திரும்பிக் காது கொடுத்தார்.