தொழில்: பிசினஸ்

இன்று லேப் கவுண்டரில் ஒரு படிவம் தந்தார்கள். அதில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம்.

அதைப் பார்த்ததும் பேனாவைத் திறக்காமல் நின்றேன். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் முன்பு எங்கள் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காய்ச்சல் ஆரம்பித்தது. காலையில் இருக்காது. மதியத்துக்கு மேல் டாண் என்று ஆஜர்! (எங்கள் ஏரியா குடிதண்ணீர் லாரிக்கு அந்த ஒழுங்கு கிடையாது.)

வேர்த்து ஊற்றும். பனியனைப் பிழியலாம். முதுகுவலியில் குனிய முடியாமல், தொழுகைக்கு நாற்காலி போட்டுக்கொண்டார். அத்தா அழுததை முதன்முதலாக அந்த நாற்காலியில்தான் பார்த்தேன்.

டோல்கேட் பக்கம் ஒரு கிளினிக். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டைபாய்டு!"

(நம்ம பக்கம் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டைபாய்டுதான். வேறு நோய்க்கெல்லாம் நமக்குத் தகுதி இல்லை போல.)

பத்து நாள் ஊசி. காய்ச்சல் போனது. ஒரே வாரத்தில் திரும்பி வந்தது.

அடுத்து ஒரு ஏசி லேப்.

"மாஸ்டர் பேக்கேஜ் எடுத்துக்கோங்க மேடம், எழுபது டெஸ்ட்!"

கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் எல்லாம் பார்த்தார்கள். காய்ச்சலுக்குக் காரணம் மட்டும் பேக்கேஜில் வராதாம். கூடவே ஒரு காலண்டர் இலவசம். அதில் அமாவாசையாவது சரியாகப் போட்டிருந்தது!

மூன்றாவது, கண்ணாடி மாளிகை மாதிரி ஓர் ஆஸ்பத்திரி. ரத்தத்தைப் பாட்டிலில் ஊற்றிக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். கல்ச்சர் டெஸ்ட் என்று பெயர். ஐந்தாம் நாள், "ஒண்ணும் வளரல மேடம்." பாட்டில் குப்பைக்குப் போய்விட்டது. பிறகு ஸ்கேன். முதுகெலும்பு அரித்திருக்கிறது என்றார்கள்.

"டிபியா இருக்கும். திங்கக்கிழமை மாத்திரை ஆரம்பிச்சிடலாம்."

"இருக்கும்னா... இருக்கா டாக்டர்?"

"நீங்க கூகுள்லாம் பார்க்காதீங்கம்மா."

(நான் பார்க்கவே இல்லை. அவர் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.)

ஷேர் ஆட்டோவில் அத்தா மெதுவாகக் கேட்டார்.

"டிபின்னு தெரிஞ்சா எவன்டி நம்ம கடைக்கு வருவான்? முதுகு இப்டியே பூட்ச்சுன்னா நான் எப்டி நிப்பேன்?"

எனக்குப் பயமாக இருந்தது. திங்கட்கிழமைக்கு முன் இன்னொரு இடத்தில் காட்டிவிடலாம் என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ரத்தம் எடுப்பவர் செல்வி அக்கா. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு படிவத்தைப் படித்தார். முழுசாகப் படித்தார்! (இத்தனை நாளில் படிவத்தைப் படித்த முதல் ஆள்.)

"பாய், இன்னா வேலை பாக்குறீங்க?"

"அதான் எழுதிக்கீதே. பிசினஸ்."

"இன்னா பிசினஸ்? கப்பல் வுட்டுகினு கீறீங்களா?"

அத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கறிக்கடைமா. வூட்டாண்ட நாலு ஆடும் வளக்கறேன்."

அக்கா ஊசியைக் கீழே வைத்தார்.

"காய்ச்சலுக்கு முன்ன ஆடு எதுனா கொறமாசமா குட்டி போட்ச்சா?"

"ரெண்டு ஆடு. ரெண்டும் செத்த குட்டி."

"யாரு எட்த்துப் போட்டது?"

"நாந்தான்."

"வெறுங்கையாலயா?"

"பின்ன? ஆட்டுக்குப் பிரசவம் பாக்க டாக்டரா வருவான்? எனக்கே ஒருத்தனும் ஒய்ங்கா பாக்கல!"

அக்கா சிரிக்கவில்லை. படிவத்தில் சிவப்பு மையால் ‘புரூசெல்லா சந்தேகம்’ என்று எழுதினார். ஆடு மாட்டிலிருந்து மனிதனுக்குத் தொற்றும் காய்ச்சலாம்.

அன்று மதியமே முதல் டெஸ்ட். ஓர் அட்டையில் அத்தாவின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு, ரோஸ் கலர் மருந்து ஒரு சொட்டு. நாலு நிமிஷம் ஆட்டினார்கள். திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகப் பிரிந்தது. அவ்வளவுதான். ஓர் அட்டை, இரண்டு சொட்டு! எழுபது டெஸ்ட் பேக்கேஜில் இந்த இரண்டு சொட்டுக்கு இடமில்லை!

அடுத்த டெஸ்ட்டிலும் புரூசெல்லாதான் என்று உறுதியானது. கல்ச்சர் பாட்டிலை இங்கே அவசரப்பட்டுத் தூக்கிப் போடவில்லை. ஒன்பதாம் நாள் கிருமி வளர்ந்தது.

ரிப்போர்ட் வாங்கப் போனபோது அக்கா எங்கள் ஃபைலில் இருந்த பழைய படிவங்களை எல்லாம் பரப்பிவைத்துக் கேட்டார்.

"இத்தெல்லாம் யாரு எழுதனது?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"தே பாரும்மா, இந்தக் கிருமி லேப்ல வேலை செய்றவங்களுக்கே தொத்திக்கும். மின்னாடியே தெரிஞ்சாதான் நாங்க பாட்டில உசாரா தொறப்போம். பிசினஸ்னு எழுதினா இன்னாத்த கண்டோம்?"

நான்தான் எழுதினேன். நான்கு இடத்திலும் நான்தான். துறைமுகத்துக்கு எதிரே ஒரு ஷிப்பிங் ஆபீஸில் எனக்கு வேலை. அங்கே கேட்பவர்களிடமெல்லாம் "ஃபாதர் பிசினஸ்" என்று சொல்லிச் சொல்லி, கை தானாக எழுதிவிட்டது.

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று இவ்வளவு நேரம் திட்டினேனே, பார்ப்பதற்கு நான் என்ன வைத்திருந்தேன்? என் மேலேயே எனக்குக் கேவலமாக இருந்தது. அந்த ஏசி லேப்காரர்களாவது காலண்டர் கொடுத்தார்கள்.

மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. காய்ச்சல் இல்லை. நேற்று அத்தா நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குனிந்து தொழுதார். மாத்திரை இன்னும் பாக்கி இருக்கிறது. கால்நடை டாக்டர் ஆடுகளுக்கும் ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்.

செல்வி அக்கா, நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு ஆயிரம் நன்றி!

(உங்கள் வீட்டில் படிவம் எழுதுவது யார்? அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.)

இன்றைக்கு மறு டெஸ்ட்டுக்குப் போன கவுண்டரில் நான் பேனாவைத் திறப்பதற்குள் அத்தா சொன்னார்.

"கறிக்கடைன்னு போடு. பெர்சா போடு."

போட்டேன்.

"கீய அட்ரஸும் போடு. நான் படுத்ததுல ஞாயித்துக்கெயம கூட்டமே கொறஞ்சி பூட்ச்சு!"