ஒத்துக்கிட்டா ஒரு நாள்தான்

செம்புளிச்சான் மரத்துக்கும் சந்தன மரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன எல்லாம் ஜவ்வாது மலைக்கு ஃபாரஸ்ட் கார்டா அனுப்புனா இப்படித்தான் ஆவும். இத நான் இன்னைக்கு ஒக்காந்துக்கிட்டு சொல்லல. அன்னைக்கே அந்த கார்டு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். சொன்னதுக்குத்தான் எம்பேரையும் கேஸுல சேத்தாரு.

எழுபத்தெட்டோ எழுபத்தொம்பதோ, சாமை அறுத்து முடிச்சிருந்த நேரம். ஆட்டுப்பட்டிக்கு நாலு கம்பம் நட்டிருந்தேன். எங்க பட்டா கொல்லை ஓரத்துல நின்ன செம்புளிச்சான். நானே வெட்டி, நானே தோள்ல தூக்கியாந்து, நானே குழி தோண்டி நட்டது. எம்புருசன் அப்போ குடகுல காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தாரு. செம்புளிச்சான வெட்டுனா உள்ள செவசெவன்னு இருக்கும், கமகமன்னு வாசன வரும், கரையான் கிட்டவே வராது. பஞ்சத்துல அதோட எலையத் தின்னு உசுரு பொழச்ச ஜனங்க நாங்க. எங்களுக்கா அந்த மரம் தெரியாது? கார்டு கீழ்நாட்டுலேருந்து புதுசா வந்தவரு. ஒரு கம்பத்த கத்தியால செதுக்கி மோந்து பாத்தாரு. "சந்தனம்"ன்னுட்டாரு.

நான் கத்துன கத்துல எதுரு மலைக்கே கேட்டிருக்கும். என்ன கத்தி என்ன பிரயோசனம்? கம்பத்த எல்லாம் புடுங்கி, கோணியில சுத்திக் கட்டி, அரக்கு வெச்சு ஜீப்புல ஏத்தியாச்சு. அந்த நேரம் பாத்துதான் எம்புருசன் குடகுலேருந்து வந்து சேர்றாரு, தோள்ல துணி மூட்டையோட. ஜீப்பப் பாத்தாரு, கோணியப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. மூட்டைய கீழ வெச்சிட்டு, "போன தடவ வந்தப்போ நான்தாங்க நட்டுட்டுப் போனேன். அவள வுட்டுடுங்க"ன்னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. போன தடவ வந்தப்போ ஜுரத்துல படுத்துக் கெடந்த மனுசன், கம்பம் நட்டாராம். "யோவ், வாய மூடுய்யா!"ன்னேன். மூடல. கார்டுக்கு நல்லதாப் போச்சு. அவர ஒண்ணாவது எதிரின்னும் என்ன ரெண்டாவது எதிரின்னும் எழுதிக்கிட்டாரு.

ஜாமீன்ல வெளிய வந்து திருப்பத்தூருல ஒரு வக்கீலப் புடிச்சோம். நல்ல மனுசன். வேர்க்கடலைய ஒடச்சு வாயில போட்டுக்கிட்டே சட்டம் பேசுவாரு. மூணு வயசு புள்ள என் இடுப்புல இருந்துச்சு, அதுக்கும் ரெண்டு கடல குடுத்துட்டு, எங்களுக்கு வெளக்கிச் சொன்னாரு.

"இங்க பாரும்மா. இவரு குத்தத்த ஒத்துக்கிட்டாருன்னா, மொத கேஸுன்னு சின்னதா அபராதம் போடுவாங்க. கோர்ட்டு கலையுற வரைக்கும் தண்டனைம்பாங்க. சாயங்காலம் வரைக்கும் கோர்ட்டுலயே ஒக்காந்திருந்தா தண்டனை முடிஞ்சுது, வூட்டுக்குப் போலாம். உன் மேல இருக்கற கேஸ எடுத்துடறோம்னு அவங்க தரப்புல சொல்லிட்டாங்க. இல்ல, நடத்தித்தான் பாப்பேன்னு நின்னு, தோத்துப்போனா ரெண்டு பேரும் உள்ள போவணும். அப்போ இந்தப் புள்ளைய யார்கிட்ட வுடுவ?"

"பண்ணாத குத்தத்த எதுக்குங்க ஒத்துக்கணும்?"

"எல்லாரும் இப்படித்தாம்மா கேக்கறாங்க"ன்னுட்டு இன்னொரு கடலைய ஒடச்சாரு.

எம்புருசன் யோசிக்கக்கூட இல்ல. "ஒத்துக்கறேங்க"ன்னாரு. நான் வுடல. எங்களுக்கு மேலக் கொல்லைக்காரரு ஒருத்தரு இப்படித்தான் ஒரு நாள்ல முடியுதேன்னு ஒத்துக்கிட்டு வந்தாரு. அதுக்கப்புறம் எந்தக் காட்டுல எந்த மரம் காணாமப் போனாலும் மொதல்ல அவரு வூட்டுக்குத்தான் வந்தாங்க. மூணாவது தடவ வேலூரு ஜெயிலு. ஒரு தடவ ஆமான்னு சொல்லிட்டா அவ்ளோதான், சாவுற வரைக்கும் சந்தனத் திருடன். எம்புருசன் அப்படி ஆவறத நான் பாத்துக்கிட்டு இருப்பனா?

வாய்தா மேல வாய்தா போட்டு நாலு மாசம் இழுத்துச்சு. நாலு மாசமும் வூட்டுல இதே சண்டதான். "ஒரு நாள்தான, நான் ஒக்காந்துட்டு வர்றேன். நீ புள்ளையோட வூட்டுல இரு"ம்பாரு அவரு. அதுக்கு மேல ஒரு வார்த்த வராது. நான் வுட்ட வார்த்தைக்கு அளவில்ல. பயந்தாங்கொள்ளின்னேன். உனக்கு எதுக்கு மீசன்னேன். காக்கி சட்டையப் பாத்தா காலு நடுங்குற ஆளு எதுக்குக் கலியாணம் பண்ணிக்கிட்டன்னு கேட்டேன். மூணு நாள் பேசாமக்கூட இருந்து பாத்தேன். பேசாம இருக்கறது எனக்குத்தான் தாங்கல, நாலாவது நாள் திரும்பவும் திட்ட ஆரம்பிச்சேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வேலிக்கு முள்ளு வெட்டப் போயிடுவாரு. நாலு பேரு முன்னால பேசத் தெரியாத ஆளு, கோர்ட்டுக் கூண்டு ஏறவே பயப்படறாருன்னு நான் முடிவே கட்டிட்டேன்.

கடைசியா அந்த நாள் வந்துச்சு. கோர்ட்டு வாசல்ல நின்னுக்கிட்டு வக்கீலு, "இன்னைக்கு மாஜிஸ்ட்ரேட் ஐயா கேப்பாரு. ஒத்துக்கறதா இல்லையான்னு ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு உள்ள வாங்க"ன்னுட்டுப் போனாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எம்புருசன் என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுக் குழாயடிக்குப் போனாரு. கலியாணத்தன்னைக்குக் கூட அப்படி கையப் புடிச்சதில்ல.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அது நெஜமாவே சந்தனமில்லியா?"

"இன்னாது?"

தரையப் பாத்துக்கிட்டே பேசுனாரு. "கீழேருந்து ஒரு யாவாரி வந்து பொம்பளைங்ககிட்ட சந்தனக் கட்ட வாங்கிட்டுப் போறான்னு பஸ்ஸுலயே பேசிக்கிட்டாங்க. வந்து பாத்தா வாசல்ல ஜீப்பு நிக்குது. உன் காதுல புதுக் கம்மலு. நானும் ஆறு மாசமா ஒண்ணும் அனுப்பல. புள்ளையோட பசிக்கு நீ இன்னா பண்ணியிருந்தாலும் உன்னக் கேக்க எனக்கு எந்த மூஞ்சி இருக்குது? அதான் நானே எடுத்துக்கலாம்னு."

"செம்புளிச்சான்னு தொண்ட கிழியக் கத்துனேனே, காதுல வுழலியா?"

"சந்தனம் வெச்சிருக்கற எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க."

"கொல்லைக்குப் போயி வெட்டுன அடிமரத்தப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமேய்யா!"

"ரெண்டு தடவ கெளம்புனேன். பாத்து, அது சந்தனமா இருந்துட்டா? அப்புறம் உன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது? போவல."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் குழாயடியிலயே அவர வெச்சு மொத்தியிருப்பேன். புளி வித்துப் போட்ட கம்மலு, அத வெச்சு என்னத் திருடியாக்கிட்டாரே! நாலு மாசம் என்கூட ஒரே வூட்டுல கஞ்சி குடிச்சிக்கிட்டு, இந்த ஒரு கேள்வியக் கேக்காம இருந்திருக்காரே! இன்னொரு பக்கம் பாத்தா, நான் திருடித்தான்னு முழுசா நம்பிக்கிட்டு, எனக்காகத் தான் திருடன்னு பேரு வாங்க நின்ன மனுசனத்தான் நாலு மாசமா பயந்தாங்கொள்ளின்னு திட்டியிருக்கேன். ரெண்டும் ஒண்ணா வந்தா ஒரு பொம்பள இன்னா செய்வா? இடுப்புல இருந்த புள்ள தலையில கைய வெச்சேன். "செம்புளிச்சான்யா. இந்தப் புள்ள மேல ஆணையா..."

அவரு என் கையத் தட்டிவுட்டாரு. "புள்ள மேலல்லாம் வாணாம். நீ சொன்னா போதும்."

உள்ள கூப்புட்டாங்க. மாஜிஸ்ட்ரேட் ஐயா குத்தத்தப் படிச்சாரு. "ஒத்துக்கறியா?"ன்னு அவரக் கேட்டாரு. வக்கீலு எங்களத் திரும்பிப் பாத்தாரு.

"இல்லீங்கய்யா. அது சந்தனமில்லீங்க, செம்புளிச்சான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விய வக்கீலு சொல்லிக் குடுக்கல. எம்புருசனுக்குப் பொய்யும் வராது, வந்தாலும் நிக்காது. ஜீப்பு முன்னால சொன்னது ஒண்ணுதான் அவரு வாழ்க்கையில சொன்ன பொய்யி. "எனக்குத் தெரியாதுங்க. நான் அதப் பாக்கக்கூட இல்ல. நான் வெட்டவும் இல்ல, நடவும் இல்ல, அன்னைக்கு கார்டுகிட்ட பொய் சொல்லிட்டேன். வெட்டுனது இவதாங்க. செம்புளிச்சான்னு இவ சொல்றா. இவ சொன்னா சரியா இருக்கும்."

வக்கீலு தலையில அடிச்சிக்கிட்டாரு. என் மேல இருந்து எடுத்துடறோம்னு சொன்ன கேஸ மொத்தமா எடுத்து என் தலையிலயே வெச்சிட்டாரே புண்ணியவான்! ஐயா என் பக்கம் திரும்புனாரு. "நீயாம்மா வெட்டுன?"

"ஆமாங்க. நான்தான் வெட்டுனேன். எங்க கொல்லையில நின்ன செம்புளிச்சான். கோணிய அவுத்துப் பாக்கச் சொல்லுங்க."

கட்டைய சோதனைக்கு அனுப்பச் சொல்லி ஐயா எழுதுனாரு. அது சந்தனமில்லன்னு ரிப்போர்ட்டு வந்து எங்கள வுடுதல பண்றதுக்கு இன்னும் பத்து மாசம் ஆச்சு. அன்னைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? வெளிய வந்ததும் வக்கீலு எம்புருசன வாங்கு வாங்குன்னு வாங்குனாரு. "எத்தனையோ கேஸ் பாத்திருக்கேன்யா. கட்டுன பொண்டாட்டியக் கூண்டுல மாட்டி வுட்டுட்டு வந்து நிக்கிறவன இன்னைக்குத்தான் பாக்கறேன்"னுட்டு, கேஸுக் கட்டத் தூக்கிக்கிட்டு வேகமாப் போயிட்டாரு.

எம்புருசன் மூஞ்சி பேயறஞ்ச மாதிரி ஆயிடுச்சு. புள்ளைய என்கிட்டேருந்து வாங்கிக்கிட்டாரு. "ஏம்மே, தப்பா சொல்லிட்டனா?"ன்னாரு.

எனக்கு அழுவ பொத்துக்கிட்டு வந்துச்சு. கார்டக் கேட்டேன், வக்கீலக் கேட்டேன், மாஜிஸ்ட்ரேட்டுக்கே பதில் சொன்னேன். அந்த மனுசனுக்கு மட்டும் "இல்லய்யா"ன்ற ஒரு வார்த்தைக்கு மேல எனக்கு வாயில எதுவும் வரல.